ஓய்வுக்காலத்தில் தமிழ்நாடு திரும்புதல்: அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றோருக்கான நடைமுறைகள்

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் பணிக்காலத்தைக் கழித்து, அந்நாட்டுக் குடியுரிமையையும் பெற்றுவிட்ட தமிழர் ஒருவர் ஓய்வுக்குப் பின் கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ தஞ்சாவூரிலோ நிலையாக வாழ முடிவு செய்யும்போது, உறவினர் பார்வையில் அவர் ஊர் திரும்புகிறார். சட்டத்தின் பார்வையிலோ அயல்நாட்டவர் ஒருவர் இந்தியாவில் குடியேறுகிறார். இந்த இயலில் கூறப்படும் இடர்களுள் பெரும்பாலானவை, முதல் பார்வையை நம்பி இரண்டாவதை மறந்துவிடுவதால் நேர்பவை. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்புவோர் பெரும்பாலும் இந்தியக் கடவுச்சீட்டையே வைத்திருப்பதால், தங்கும் உரிமை பற்றிய பகுதி அவர்களுக்குத் தேவைப்படாது. வரி, வங்கி, மருத்துவக் காப்பீடு பற்றிய பகுதிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

வேலைகளைச் செய்யும் வரிசை இங்கு மிக முக்கியமானது. பலர் முதலில் வீட்டை வாங்கி, அடுத்துப் பயணச்சீட்டு எடுத்து, வந்து இறங்கிய பின்னரே வரியையும் காப்பீட்டையும் பற்றி விசாரிக்கின்றனர். இந்நூல் பரிந்துரைக்கும் வரிசை ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது.

புறப்படுவதற்கு முந்தைய பதினெட்டு மாதங்கள்

1. இந்தியாவில் தங்கும் உரிமை தரும் ஓ.சி.ஐ. அட்டை இல்லாதோர் முதலில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.
2. குடியேற எண்ணும் ஊரில் சில வாரங்கள் வாடகை வீட்டில் தங்கிப் பார்க்க வேண்டும். அதற்கு மே மாதமோ நவம்பர் மாதமோ ஏற்றது.
3. அந்தப் பயணத்தின்போதே இந்திய மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்து, காப்பீட்டு நிறுவனம் கேட்கும் உடற்பரிசோதனைகளை முடித்துவிட வேண்டும்.
4. இரு நாட்டு வரிச் சட்டங்களையும் அறிந்த கணக்காயரைக் கலந்து திரும்பும் நாளை முடிவு செய்ய வேண்டும்.
5. ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்கும் வங்கிகளுக்கும் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.
6. வந்து ஓராண்டு வாடகை வீட்டில் வாழ்ந்த பின்னரே சொந்த வீடு வாங்குவது பற்றி முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் படியில் மாதத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மார்கழிக் கச்சேரிக் காலத்தில் சென்னைக்கு வந்து மூன்று வாரம் தங்கிய அனுபவத்தை வைத்து வாழ்நாள் முடிவை எடுப்போர் பலர். ஆண்டிலேயே மிகவும் இதமான வாரங்கள் அவை என்பதையும், உறவினர் அனைவரும் விருந்தினரை வரவேற்கும் மனநிலையில் இருக்கும் காலம் அது என்பதையும் அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. அக்னி நட்சத்திரத்தின்போது மின்சாரம் எத்தனை முறை தடைப்படுகிறது, வடகிழக்குப் பருவமழையின்போது தெருவில் எவ்வளவு நீர் தேங்குகிறது ஆகிய இரண்டில் ஒன்றையேனும் நேரில் பார்த்தவரே அவ்வூரைப் பற்றி முடிவெடுக்கத் தகுதி பெறுகிறார்.

தங்கும் உரிமை: ஓ.சி.ஐ. அட்டை

இந்தியக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டின் குடியுரிமையை ஒருவர் விரும்பிப் பெற்ற அன்றே அவருடைய இந்தியக் குடியுரிமை முடிவுக்கு வருகிறது. ஆகவே பழைய இந்தியக் கடவுச்சீட்டை, அதில் செல்லுபடிக்காலம் எஞ்சியிருந்தாலும், பயணத்துக்குப் பயன்படுத்துவது குற்றமாகும். அதை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்து அதற்குரிய சான்றிதழைப் பெற்ற பின், ‘கடல்கடந்த இந்தியக் குடிமகன்’ என்னும் பெயருடைய ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பெயரில் குடிமகன் என்று இருப்பினும் இது குடியுரிமை அன்று. வாழ்நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் நுழையவும், அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியாமல் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கவும் இசைவளிக்கும் ஒரு விசா மட்டுமே. வாக்குரிமையும் அரசுப் பணிக்கான உரிமையும் இதில் அடங்கா.

வாழ்க்கைத்துணை இந்திய வம்சாவளியினர் அல்லாதவராயின், திருமணம் பதிவு செய்யப்பட்டு இரண்டாண்டுகள் தொடர்ந்து நிலைத்திருந்தால் அவரும் விண்ணப்பிக்கலாம். திருமணப் பதிவுச் சான்றிதழைத் தேடி எடுப்பதிலேயே மாதங்கள் கழியக்கூடும் என்பதால் இதை முதலில் தொடங்குவது நல்லது.

*குறிப்பு:* ஐம்பது வயது நிறைந்த பின் அயல்நாட்டுக் கடவுச்சீட்டை முதன்முறை புதுப்பிக்கும்போது, புதிய கடவுச்சீட்டின் நகலையும் ஒளிப்படத்தையும் மூன்று மாதங்களுக்குள் ஓ.சி.ஐ. இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.

விளைநிலம் என்னும் பொறி

ஓய்வுக்காலக் கனவுகளில் தென்னந்தோப்பும் கிணறும் நடுவில் ஒரு சிறு வீடும் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஓ.சி.ஐ. அட்டையாளர் குடியிருப்பு வீடு, மனை, வணிகக் கட்டடம் ஆகியவற்றை வாங்கலாம். விளைநிலம், பண்ணைவீடு, தோட்டப்பயிர் நிலம் ஆகியவற்றை வாங்க அவருக்கு இசைவு இல்லை. பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம். தரகர்கள் இந்த வேறுபாட்டை விளக்குவதில்லை. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதனாலேயே அந்தக் கொள்முதல் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி செல்லத்தக்கது என்று ஆகிவிடாது. நிலத்தைத் தம்பி பெயரில் வாங்கி வைப்பது இதற்கு மாற்றுவழியாகச் சொல்லப்படுவதுண்டு. பினாமிச் சட்டத்தின் பிடிக்குள் சிக்குவதோடு, உடன்பிறப்புகளின் பிள்ளைகள் தலையெடுக்கும்போது நிலமும் உறவும் ஒருசேரப் போவதற்கான வழியும் அதுவே.

திரும்பும் நாளைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஒரு நிதியாண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருப்பவர் அந்த ஆண்டுக்கு வரிச் சட்டப்படி ‘வசிப்பவர்’ ஆகிறார். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, லீப் ஆண்டு நீங்கலாக, சரியாக 182 நாள்கள் உள்ளன. எனவே அந்த நிதியாண்டில் அதற்கு முன் இந்தியாவுக்கு வராதவர் அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குப் பின் வந்து இறங்கினால், அந்த ஆண்டு முழுவதும் ‘வசிக்காதவர்’ என்ற நிலையிலேயே கழியும். கோடையில் திருமணத்துக்கோ கோயில் விழாவுக்கோ வந்து போயிருந்தால் அந்த நாள்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இத்துடன் இன்னொரு கணக்கும் உண்டு: முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள்களுக்குக் குறையாமல் இந்தியாவில் தங்கியவர், திரும்பும் ஆண்டில் 60 நாள்கள் இருந்தாலே வசிப்பவராகக் கருதப்படக்கூடும். பார்வையிட வருவோருக்கு இதில் தளர்வு உண்டு; நிலையாகத் தங்க வருவோருக்கும் அத்தளர்வு பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மூன்று மாதம் ஊரில் கழிக்கும் பழக்கமுள்ளவர் பிப்ரவரி பிறந்த பின் வருவதே பாதுகாப்பானது.

அடுத்து வருவது ‘வசிப்பவர், ஆயினும் சாதாரணமாக வசிப்பவர் அல்லர்’ என்னும் இடைநிலை. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வசிக்காதவராக இருந்தவருக்கோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் 729 நாள்களுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தவருக்கோ இந்நிலை கிடைக்கும். நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்த ஒருவர் 2026 நவம்பரில் திரும்புகிறார் எனக் கொண்டால், 2026–27இல் அவர் வசிக்காதவர். 2027–28, 2028–29 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இடைநிலையில் இருப்பார். 2029–30இல் பொதுவாக முழு வசிப்பவராகிவிடுவார். இடைநிலையில் உள்ளவரின் வெளிநாட்டு வட்டி, வாடகை, பங்கு விற்பனை ஆதாயம் ஆகியவற்றுக்கு இந்தியாவில் வரி இல்லை. வெளிநாட்டு வீட்டை விற்பதற்கும் சேமிப்புகளை ஒழுங்குபடுத்துவதற்கும் உரிய காலம் இதுவே. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. இந்த இடைநிலை மாறவில்லை.

*அடிக்கடி நேரும் பிழை:* ஓய்வூதியத்தை நேரடியாக இந்திய வங்கிக் கணக்குக்கு வரும்படி மாற்றிவிடுவது. இந்தியாவில் முதன்முதலாகப் பெறப்படும் வருமானம், பெறுபவர் எந்த நிலையில் இருந்தாலும், இந்திய வரிக்கு உட்படக்கூடியது. வெளிநாட்டுக் கணக்கில் முதலில் வரவு வைத்து, பின்னர் அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பினால் இச்சிக்கல் எழாது.

முழு வசிப்பவரான ஆண்டு முதல் உலகில் எங்கு ஈட்டிய வருமானத்துக்கும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகள், பங்குகள், வீடு ஆகிய அனைத்தையும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் குறிப்பிட வேண்டும். வருமானமே இல்லாத பழைய சேமிப்புக் கணக்கையும் குறிப்பிடுவது கட்டாயம். குறிப்பிடத் தவறினால், 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்க இடமுண்டு. மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாய்க்கு மிகாத அசையும் சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் இத்தண்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளின் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளில் ஆண்டுதோறும் சேரும் ஆதாயத்துக்கு உடனே வரி கட்டாமல், பணத்தை எடுக்கும்போது கட்டுவதற்கு ஒரு விருப்பத்தேர்வு உண்டு. அதைப் படிவம் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் தெரிவிக்க வேண்டும், ஒருமுறை தெரிவித்தால் பின்வாங்க முடியாது.

அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் இன்னொரு சுமை உண்டு. எங்கு வாழ்ந்தாலும் அவர்கள் அமெரிக்காவிலும் வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் ‘எஃப்பார்’ என்னும் அறிக்கையையும் அளிக்க வேண்டும். முதிய தாயாரின் கணக்கில் கையெழுத்திடும் உரிமை இருந்தாலும் அக்கணக்கு இதில் சேரும். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை அமெரிக்க வரிச் சட்டம் மிகக் கடுமையாக நடத்துவதால், வங்கிக் கிளையில் அன்போடு பரிந்துரைக்கப்படும் ஃபண்டுகளை அவர்கள் மரியாதையுடன் மறுத்துவிடுவது நல்லது.

வங்கிக் கணக்குகள்

வரிச் சட்டம் நாள்களை எண்ணுகிறது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமாகிய ஃபெமாவோ எண்ணத்தைப் பார்க்கிறது. நிலையாகத் தங்கும் எண்ணத்துடன் வந்தவர் வந்த நாளிலிருந்தே அச்சட்டப்படி வசிப்பவர் ஆகிறார். ஆகவே ஒரே மனிதர் ஒரே மாதத்தில் ஒரு சட்டத்துக்கு வசிப்பவராகவும் மற்றொன்றுக்கு வசிக்காதவராகவும் இருக்க முடியும். வந்தவுடன் செய்ய வேண்டியவை:

1. வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, வெளிநாட்டில் வசிப்போருக்குரிய என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை வசிப்போர் கணக்காக மாற்றுதல்.
2. எஃப்.சி.என்.ஆர். எனப்படும் அந்நியச் செலாவணி வைப்புகளை முதிர்வுவரை ஒப்பந்த வட்டியிலேயே தொடர விடுதல்.
3. டாலராகவோ பவுண்டாகவோ வைத்திருக்க விரும்பும் தொகையை, திரும்பி வந்தோருக்குரிய ஆர்.எஃப்.சி. கணக்கில் இடுதல், இதிலிருந்து வெளிநாட்டுக்கு மீண்டும் பணம் அனுப்பத் தடையில்லை.

என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரி இல்லை என்பதால் அதை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்போர் உள்ளனர். வசிப்பவரான பின் அந்த வட்டிக்கு வரிவிலக்கு இல்லை. தெரிவிக்காமல் இருந்தது தனியொரு விதிமீறலும் ஆகும். வெளிநாட்டில் வாழ்ந்தபோது சம்பாதித்த வீட்டையும் முதலீட்டையும் அங்கேயே வைத்திருக்க ஃபெமா இசைவளிக்கிறது; அனைத்தையும் விற்றுக்கொண்டுதான் வரவேண்டும் என்பது தவறான எண்ணம்.

ஓய்வூதியம் பின்தொடருமா?

நாட்டுக்கு நாடு விதி வேறுபடுகிறது. அமெரிக்கக் குடிமகனுக்குச் சோஷியல் செக்யூரிட்டித் தொகை இந்தியாவில் வாழ்ந்தாலும் கிடைக்கும். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அதற்கு அமெரிக்காவில் மட்டுமே வரி. பிரிட்டனின் அரசு ஓய்வூதியமும் இந்தியாவில் கிடைக்கும், ஆனால் ஆண்டுதோறும் வழங்கப்படும் உயர்வு கிடைக்காது. புறப்பட்டபோது இருந்த தொகையே நின்றுவிடும் என்பதால், இருபது ஆண்டு விலைவாசியை எண்ணித் திட்டமிட வேண்டும். கனடாவின் முதியோர் பாதுகாப்புத் தொகையை வெளிநாட்டில் தொடர்ந்து பெறுவதற்குப் பதினெட்டு வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டில் புறப்படுவோர் ஓராண்டு பொறுத்துக்கொள்வது நலம்.

மருத்துவம்

அமெரிக்காவின் மெடிகேர் இந்தியச் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தராது. பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை அங்கு வசிப்போருக்கு உரியது. நிலையாக வெளியேறியவர் விருந்தாளியாகச் செல்லும்போது மருத்துவமனைச் சிகிச்சைக்குக் கட்டணம் செலுத்த நேரலாம். எனவே இந்தியக் காப்பீடு தவிர்க்க முடியாதது.

இந்தியக் காப்பீட்டில் ‘முன்பே உள்ள நோய்’ எனப்படும் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் முதலியவற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் அது 36 மாதங்களுக்கு மிகக்கூடாது என்றும், 65 வயதைத் தாண்டியோருக்கும் பாலிசி வழங்க வழிசெய்ய வேண்டும் என்றும் ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. இந்தக் காத்திருப்பு பாலிசி தொடங்கும் நாளிலிருந்து எண்ணப்படுவதால், திரும்புவதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே பாலிசி எடுப்பவர் வந்து இறங்கும்போது காத்திருப்பின் கணிசமான பகுதியைக் கடந்திருப்பார். பிரீமியம் அந்த ஆண்டுகளில் வீணாகிறது என்று கருதி ஒத்திப்போடுவதே இப்பகுதியில் நேரும் மிகப் பெரிய பிழை. நோய்களை மறைத்து விண்ணப்பிப்பது அடுத்தது. கோரிக்கை வைக்கும் நாளில் பழைய மருந்துச் சீட்டே எதிர்ச்சாட்சியாகிவிடும்.

மெடிகேரின் ‘பி’ பிரிவுக்கான சந்தாவை நிறுத்துவதா தொடர்வதா என்னும் கேள்வியும் எழும். நிறுத்திவிட்டுப் பிற்காலத்தில் மீண்டும் சேர்ந்தால், இடைப்பட்ட ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் வாழ்நாள் முழுவதும் சேரும். பிள்ளைகள் அமெரிக்காவிலேயே இருந்து, தள்ளாமையில் அவர்களிடம் திரும்பக்கூடும் என்ற நிலையில், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளேனும் தொடர்வது அறிவுடைமை.

*பாதுகாப்புக் குறிப்புகள்*

- மருந்துகளை வணிகப் பெயரால் அல்லாமல் மூலப்பெயரால் எழுதி வாங்கிவர வேண்டும். ஒரே மருந்துக்கு நாட்டுக்கு நாடு மூலப்பெயரும் மாறுவதுண்டு: அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் எனப்படுவது இங்கு பாராசிட்டமால், அல்பியூட்டரால் இங்கு சால்பியூட்டமால்.
- மூன்று மாத மருந்தைக் கைப்பையில், மருத்துவர் சீட்டுடன் கொண்டுவர வேண்டும்.
- ஆம்புலன்சுக்கு 108. முதியோர் உதவிக்கு 14567. இவற்றைக் கைப்பேசியில் மட்டுமன்றி, தொலைபேசி அருகில் தாளிலும் எழுதி ஒட்டுதல் நன்று.

வீடு

வாடகைக்கு எடுக்கும்போது அடுக்குமாடியின் அழகைவிட, மின்தூக்கிக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா, ஸ்ட்ரெச்சர் அதில் நுழையுமா, கோடையில் தண்ணீர் குழாயில் வருகிறதா லாரியில் வருகிறதா, இரவில் மருத்துவமனைக்குச் செல்ல எத்தனை நிமிடம் ஆகும் என்பவற்றையே கேட்க வேண்டும்.

கோயம்புத்தூரைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் பல உருவாகியுள்ளன. வீடு சொந்தமாகிறதா, வாழ்நாள் குத்தகையா, திருப்பித்தரும் வைப்புத்தொகையா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டும். வரவேற்பறையைக் காட்டும்போது, படுத்த படுக்கையானோரைப் பராமரிக்கும் தளத்தையும் பார்க்கக் கேட்பது பயனுள்ளது. அப்படியொரு தளமே இல்லையென்றால், மிகவும் தேவைப்படும் நாளில் அக்குடியிருப்பு கைவிட்டுவிடும் என்று பொருள். மறதிநோய் வந்தால் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சொந்தமாக வாங்குவோர் பின்பற்ற வேண்டிய வரிசை:

1. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை உள்ள பத்திரங்களை வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்துரை பெறுதல்.
2. குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்தல்.
3. பட்டா விற்பவர் பெயரில் உள்ளதா, புல வரைபடத்தின் அளவு நிலத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்தல்.
4. நகரமைப்பு அலுவலகங்களான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. வழங்கிய அங்கீகார எண்ணைக் கேட்டு, அலுவலகத்தில் உறுதிசெய்தல்.
5. பணம் முழுவதையும் வங்கி வழியாகவே செலுத்துதல்.

விற்பவரும் வெளிநாட்டில் வசிப்பவராயின், 50 லட்சம் ரூபாய்க்குக் குறையாத சொத்துக்கு வழக்கமாகப் பிடிக்கும் 1 விழுக்காடு வரி அங்குப் பொருந்தாது. அதைவிட உயர்ந்த விகிதத்தில் பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குபவருடையது.

பொருள்கள்

இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் வெளிநாட்டில் வாழ்ந்தவருக்குக் குடிபெயர்வுச் சுங்கச் சலுகை உண்டு. வரம்புகள் அவ்வப்போது மாறுவதால் பெட்டி கட்டுவதற்கு முன் நடப்புப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 120 வோல்ட் சாதனங்களை இந்தியாவின் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகப் பொருத்தினால் எரிந்துபோகும்; அவற்றை அங்கேயே கொடுத்துவிட்டு வருவது கப்பல் கூலியை மிச்சப்படுத்தும்.

முதல் ஆண்டும் ஏமாற்றுக்காரர்களும்

விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 182 நாள்கள் இந்தியாவில் வசித்த ஓ.சி.ஐ. அட்டையாளர் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம், அதுவரை ஓ.சி.ஐ. அட்டை, பான் அட்டை, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் கொண்டு சமாளிக்க வேண்டியிருக்கும். காவல்துறை அல்லது சுங்கத்துறை அதிகாரி போல் காணொலி அழைப்பில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாக மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள், வெளிநாட்டுச் சேமிப்புள்ள தனித்து வாழும் முதியோரைக் குறிவைக்கின்றன. அப்படியொரு கைதுமுறை இந்தியச் சட்டத்தில் கிடையாது. அழைப்பைத் துண்டித்து, பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

அதிகார ஆவணம், தானம், உயில்

வெளிநாடுகளில் எழுதப்படும் ‘நீடித்த’ அதிகார ஆவணம், எழுதியவர் நினைவிழந்த பின்னும் செல்லும். இந்தியச் சட்டத்திலோ எழுதியவர் மனநலம் இழந்தால் பவர் பத்திரமும் முடிவுக்கு வருகிறது. பக்கவாதத்தால் நினைவிழந்தவரின் கணக்கை இயக்க மனைவி உயர்நீதிமன்றம் செல்ல நேர்வது இதனால்தான். இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்குகளை முதல் மாதத்திலேயே ஏற்படுத்துவது எளிய தற்காப்பு. வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நியமிக்க 2025 நவம்பர் முதல் வசதி உள்ளது.

பராமரிப்பதாகச் சொல்லும் உறவினருக்கு வீட்டைத் தானசெட்டில்மென்ட் எழுதிக்கொடுப்பதில் தனிக் கவனம் தேவை. பராமரிக்கத் தவறினால் அப்பத்திரத்தை நீக்கக் கோர 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அச்சட்டம் மூத்த குடிமகன் என்று வரையறுப்பது அறுபது வயது நிரம்பிய இந்தியக் குடிமகனை. ஓ.சி.ஐ. அட்டையாளர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. எனவே அவர் வாழ்நாளில் வீட்டைக் கைமாற்றாமல், இந்தியச் சொத்துகளுக்கு மட்டும் தனி உயில் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதே பொருத்தமானது. அந்த உயிலில் முந்தைய உயில்களை ரத்து செய்யும் வழக்கமான வாசகத்தை எழுத்தர் தாமாகவே சேர்த்துவிடுவார். ‘இந்தியச் சொத்துகளைப் பொறுத்தவரை மட்டும்’ என்று அதை வரையறுக்காவிட்டால், வெளிநாட்டுச் சொத்துகளுக்காக அங்கு எழுதிவைத்த உயிலும் அதோடு ரத்தாகிவிடக்கூடும். கையெழுத்திடுவதற்கு முன் அந்த ஒரு வரியை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும்.